வெறும் தூக்குவாளி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சொன்னால் இன்னும் நீளமாக இருக்கும். முப்பத்திரண்டு வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக வேலை பார்த்தேன். நோயாளி ஒருவரையும் கடிந்து பேசியதில்லை. வேலையிலிருந்து வந்து சேலை மாற்றிய பிறகுதான் வாய் திறக்கும். நாள் முழுக்க அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

மதுரை திருநகரில் வீடு கட்டிக் குடிவந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. எங்கள் ஊர் பேரையூர்ப் பக்கம். ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். அதனால் சொந்த வீடு, சொந்த மதில், சொந்த போர்வெல் தண்ணீர் என்பதெல்லாம் எனக்குச் சின்ன விஷயம் இல்லை. முதல் நாள் மோட்டார் போட்டுத் தண்ணீர் கொட்டியபோது, சேலை நனைவதுகூடத் தெரியாமல் நின்றேன்.

பக்கத்து வீட்டில் பாய் குடும்பம். டவுனுக்குள் பாத்திரக் கடை வைத்திருக்கிறார்கள். காற்றுக்கும் இடத்துக்கும் ஆசைப்பட்டு, சந்து வீட்டை விட்டுவிட்டு எங்களுக்கு இரண்டு மாதம் கழித்து வந்தார்கள். பாயின் மனைவி என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர் என்னை சிஸ்டர் என்பார். தெருவே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மார்பளவு மதில். ஒருமுறை வெள்ளையடிக்க வந்த கொத்தனார், இதை ஆறடிக்கு ஏற்றிவிடலாமா என்று கேட்டார். "ஏத்திட்டு? பெறகு கொழம்ப எப்படிய்யா வாங்குறது?" என்று அக்காவும் நானும் ஒரே நேரத்தில் கேட்டோம். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே சுண்ணாம்பைக் கலக்கப் போய்விட்டார்.

பாத்திர விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சட்டம். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது. ஒன்றும் இல்லையா, ஒரு கைப்பிடி சீனியாவது போட வேண்டும். இந்தச் சட்டத்தின் புண்ணியத்தில் அவர்கள் பாத்திரம் ஒன்று எங்கள் அடுக்களையிலும் எங்கள் பாத்திரம் ஒன்று அவர்கள் அடுக்களையிலும் எப்போதும் கிடக்கும். நான் பொங்கல் வைத்தால், சாமிக்குப் படைக்கும் முன்பே அக்கா வீட்டுப் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். படைத்ததை அவர்கள் சாப்பிட மாட்டார்கள். அக்கா கறி ஆக்கினால் கோழியா ஆடா என்று சொல்லித்தான் கொடுப்பார். செவ்வாய், வெள்ளிகளில் கறிச்சட்டியை மதில் பக்கமே கொண்டுவர மாட்டார். இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை.

இப்படி இருந்த இடத்தில் போன சித்திரையில் ஒரு கோளாறு வந்தது.

மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேத்தி பிறந்து இருபது நாள். அக்கினி வெயிலில் எங்கள் போர் வற்றிவிட்டது. மோட்டாரைப் போட்டால் புஸ்ஸென்று காற்றுதான் வருகிறது. கார்ப்பரேஷன் குழாயில் வருவது குடிக்கத்தான் காணும். பச்சைப்பிள்ளைத் துணி மலைபோலக் குவிந்து கிடந்தது. மதிலோரம் போய், "அக்கா, ஒரு மணி நேரம் ஹோஸ் போட்டு விடுங்களேன், ரெண்டு டிரம் ரொப்பிக்கிறேன்" என்றேன்.

அக்கா உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "இல்ல சிஸ்டர். எங்க மோட்டாரே திணறுது. ரெண்டு வீட்டுக்கு ஓட்டினா மோட்டார் காயில் எரிஞ்சு போயிரும்னு அவுக சொல்றாக."

"சரிக்கா, பரவால்ல" என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். உள்ளே அடுப்பாக எரிந்தது. இரண்டு டிரம் தண்ணீர்! பத்தொன்பது வருஷப் பழக்கத்துக்கு இரண்டு டிரம் தண்ணீர் பெறாதா? அன்று சாயங்காலம் பிள்ளை பெற்றவளுக்கென்று தூக்குவாளி நிறைய ஆட்டுக்கால் சூப் வந்தது. "தண்ணி இல்லேன்னுட்டு சூப்பு அனுப்புறதப் பாருங்க" என்று வீட்டுக்காரரிடம் பொரிந்தேன். சும்மா சொல்லக் கூடாது, சூப் நன்றாகத்தான் இருந்தது. குடித்தோம்.

கையில் இருந்ததைப் போட்டு போரை இன்னும் ஆழமாக இறக்கினோம். தண்ணீர் வந்தது. மகள் பேத்தியோடு அவள் வீட்டுக்குப் போனாள். மதில்மேல் பாத்திரங்கள் வழக்கம்போலப் போய் வந்தன. நானும் வழக்கம்போலச் சிரித்தேன். ஆனால் அந்த இரண்டு டிரம்மை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

இந்தத் தை மாதம் அக்கா வீட்டுப் போர் வற்றியது. "நம்ம ஆழமாப் போட்டோம்ல, அங்கன இருந்ததெல்லாம் இங்கிட்டு எறங்கியிருக்கும்" என்றார் வீட்டுக்காரர். "ஆமா, இவரு பெரிய எஞ்சினியரு" என்று அவர் வாயை அடைத்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருக்குமோ என்று அப்போதே மனசுக்குள் குறுகுறுத்தது.

அக்கா மதிலோரம் வந்து நின்று, தயங்கித் தயங்கித் தண்ணீர் கேட்டார். இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது. ஓடிப்போய் என் ஹோஸைக் கொண்டுவந்து மதில்மேல் போட்டு, குழாயைத் திறந்துவிட்டேன். விட்டவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கில் சனி.

"தாராளமாப் பிடிங்கக்கா. பச்சப்புள்ள வீட்டுக்கே தண்ணி இல்லேன்னு சொன்னவுகளுக்கும் தண்ணி குடுக்கிற வீடு இது. நாங்க உங்க மாதிரி இல்ல."

சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். டிரம் பாதிகூட நிறையவில்லை. அக்கா என்னைக் குழாயை மூடச் சொல்லிக் கையைக் காட்டினார். ஹோஸை வட்டமாகச் சுருட்டி, தண்ணீர் சொட்டச் சொட்ட என் பக்கம் மதில்மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலையில் அவர்கள் வாசலில் தண்ணீர் லாரி நின்றது.

அன்றிலிருந்து பேச்சில்லை. அதற்கு முந்தின வாரம் கோழிக்குழம்பு வந்த தூக்குவாளி எங்கள் அடுக்களையில் கழுவிக் கவிழ்த்தபடி கிடந்தது. வெறுமனே திருப்ப முடியாது. எதையாவது போட்டுத் திருப்பினால் நான் இறங்கிப் போனதாக ஆகிவிடும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே காபி போட்டேன். பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். டீக்கடைக்குப் போய்விட்டு வந்த வீட்டுக்காரர், "பாய் வீட்ட விக்கப் போறாராம்ல. தண்ணியில்லாத எடத்துல இருந்து என்ன செய்ய, டவுனுக்கே போயிருவோம்ங்கிறாராம். புரோக்கரு வந்து பாத்துட்டுப் போயிட்டான்" என்றார்.

மகள் தூரத்தில் இருக்கிறாள். வேலையும் முடிந்துவிட்டது. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை மனசு விட்டுப் பேச எனக்கு இருந்த ஒரே ஆள் அந்த மதிலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். அக்கா போய்விட்டால் அந்த வீட்டுக்கு யாரோ வருவார்கள், மதிலை ஆறடிக்கு ஏற்றுவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தோம். வழக்கம்போலப் படைக்கும் முன்பே அக்கா பங்கைத் தனியாக எடுத்து வைத்து, வீட்டுக்கு வந்ததும் அந்தத் தூக்குவாளியில் போட்டு, வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். போன வேகத்தில் வாளியோடு திரும்பி வந்தார். "வீட்ல எல்லாத்துக்கும் சுகராம். இனிப்பு வேணாமாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாக" என்றார். சுகராவது மண்ணாவது! அந்த வீட்டில் ஒருவருக்கும் சுகர் கிடையாது. மாதா மாதம் பார்த்துச் சொல்பவளே நான்தான்.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு சார் இருக்கிறார். கிறிஸ்தவ வேதக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், எபிரேய மொழியெல்லாம் தெரியும். அந்தச் சமயத்தில் அவருக்குக் கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. அவர் மனைவிக்குக் கை நடுங்கும் என்பதால் சொட்டு மருந்து விட நான் போவேன். இரண்டு மருந்து, நடுவில் ஐந்து நிமிஷம் இடைவெளி விட வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்தில் அவருக்கு ஏதாவது வாசித்துக் காட்டுவேன்.

ஆரப்பாளையம் பக்கம் ஒரு மண்டபத்தில் எல்லா மதத்தாரும் கூடும் கூட்டம் ஒன்று நடக்க இருந்தது. யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய மதங்களில் பக்கத்து வீட்டாரை நேசிப்பது பற்றி அதில் சார் பேச வேண்டியிருந்தது. ஆபரேஷனுக்கு முன்பே கொஞ்சம் எழுதி வைத்திருந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், பின் வீட்டு வேப்பமரம் தன் மாடியில் இலை கொட்டுகிறது என்று இரண்டு வருஷமாக அந்த வீட்டுக்காரரோடு சாருக்குப் பேச்சு கிடையாது.

"எங்க, அந்த மொதப் பக்கத்த வாசிங்க சிஸ்டரம்மா, கேப்போம்" என்றார் கண்ணை மூடிக்கொண்டு. வாசித்தேன்.

பழிவாங்காதே, மனதில் வன்மம் வைக்காதே, பக்கத்தில் இருப்பவனை உன்னைப்போல் நேசி. யூதர்களின் பழைய வேதத்தில் இந்த மூன்றும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து வருகின்றனவாம். பழிவாங்குவதற்கும் வன்மத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்களுடைய ஆசிரியர்கள் ஒரு கதையாக விளக்கியிருக்கிறார்கள். ஒருவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் அரிவாள் கேட்கிறான். அவன் இல்லை என்கிறான். மறுநாள் அந்த இல்லை என்றவனே வந்து இவனிடம் கோடாலி கேட்கிறான். நீ அரிவாள் தரவில்லை, நான் கோடாலி தர மாட்டேன் என்று இவன் சொன்னால் அது பழிவாங்குதல். அதுவரைக்கும் நிம்மதியாக வாசித்தேன். அடுத்த வரியில் என் குரல் இறங்கியது. இந்தா கோடாலி, எடுத்துக்கொள், நான் உன்னை மாதிரி இல்லை என்று சொல்லிக் கொடுத்தால், அதுதான் வன்மம்.

யாரோ போய் சாரிடம் சொல்லிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தக் காகிதம் மார்கழியிலேயே எழுதியது. சாருக்கு ஒன்றும் தெரியாது. மதுரையில் நான் ஒரு யூதரைக்கூடப் பார்த்ததில்லை. என்னை எங்கேயோ உட்கார்ந்து அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

"இதென்ன சார் அநியாயமா இருக்கு?" என்று சண்டைக்குப் போனேன். "இல்லேன்னவன விட்டுட்டு, குடுத்தவனப் போயிக் குத்தம் சொல்றாக?"

சார் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "குடுத்தான், இல்லேங்கல. வெட்டுற பக்கத்தையில்ல நீட்டிக் குடுத்திருக்கான்?"

இரண்டாவது மருந்தை விட்டேன். அதற்கு அடுத்த பக்கம் கிறிஸ்தவம் பற்றியது. கோயிலில் காணிக்கை வைக்கப் போகும்போது, உன்மேல் ஒருவனுக்கு மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு சமாதானமாகு, பிறகு வந்து காணிக்கை கொடு என்று இருந்தது. குலசாமிக்குப் பொங்கல் வைத்து வந்தவளுக்கு அதுவும் சுருக்கென்று தைத்தது. மூன்றாவது பக்கம் வெறும் வெள்ளைக் காகிதம்.

"இஸ்லாம் பத்தி ஒங்க பக்கத்து வீட்டம்மாகிட்டக் கேட்டு எழுதணும். நீங்களே கேட்டுச் சொல்லிருங்களேன். ஒங்களுக்குத்தான் அம்புட்டு நெருக்கமாச்சே" என்றார் சார். என் முகம் போன போக்கை அவர் பார்க்காதது நல்லதாகப் போயிற்று.

தெருவைக் கடந்து வீட்டுக்கு வரும்போது அம்மா ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அம்மாவோடு காட்டு வேலைக்குப் போவேன். நிலத்துக்காரர் கிணற்றில் நாங்கள் இறங்கக் கூடாது. அவர்கள் வீட்டு அம்மா மேலே நின்று சொம்பைச் சரிப்பார். என் அம்மா குனிந்து கையைக் குவித்துக் குடிப்பாள். தண்ணீரோடு ஏதாவது ஒரு சொல்லும் சேர்ந்து விழும். "குடி, குடி. வேற எவ ஒனக்கு ஊத்துவா?" அம்மா அதையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு நிமிர்வாள். பெரியவளானதும் எவனிடமும் கையேந்தக் கூடாது என்று வைராக்கியமாகப் படித்தேன், வேலை வாங்கினேன், போர் போட்டேன். போட்ட போரின் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நானும் அந்த அம்மா மாதிரியே மேலே நின்று ஊற்றியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பொங்கல் ஏன் திரும்பி வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. நான் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அக்காவுக்கு அந்த ஹோஸ்தான் கண்ணில் படும். கொடுத்துச் சரிக்கட்ட முடியாது.

ரம்ஜான் நோன்பு தொடங்கிப் பதினோராம் நாள். பாங்கு சொல்ல அரை மணி நேரம் இருக்கும்போது தூக்குவாளியை எடுத்தேன். அதில் ஒன்றும் போடவில்லை. சீனிகூடப் போடவில்லை. மதில் பக்கம் போகாமல் தெரு வழியாகச் சுற்றிப்போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அக்கா வந்தார். என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். மூடியைத் திறந்து காட்டினேன்.

"என்னா சிஸ்டர், வெறும் வாளியக் கொண்டாந்துருக்கீங்க?"

"திருப்பிக் குடுக்க வரலக்கா. கஞ்சி வாங்க வந்தேன்."

அக்கா அசையவில்லை. வாளியை மூடிவிட்டுச் சொன்னேன். "அன்னிக்குத் தண்ணியக் குடுத்துட்டு வாயால அடிச்சுட்டேன். அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்கிராதீங்க. வீட்ட வித்துட்டுப் போயிராதீங்கக்கா."

"உள்ள வாங்க மொதல்ல, தெருவுல நின்னுக்கிட்டு" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். அடுக்களையில் வைத்துத்தான் அவர் அதைச் சொன்னார். "அவுக சொன்னாகன்னு அன்னிக்குச் சொன்னேன்ல? அவுக ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் பயம், எங்க தண்ணி தீந்துருமோன்னு. பச்சப்புள்ள வீட்டுக்கு இல்லேன்னுட்டு அல்லாட்ட எம்புட்டு அழுதேன் தெரியுமா? அதுக்குத்தான் சூப்பு வச்சுக் குடுத்தேன். நீங்க சொன்னதும் நெசந்தான, அதான் பொறுக்கல."

அடுப்பில் பெரிய சட்டியில் நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் இருப்பது நாலு பேர். அந்தச் சட்டியில் எட்டுப் பேர் தாராளமாகக் குடிக்கலாம்.

"நாலு பேருக்கு இம்புட்டு எதுக்குக்கா?"

"ஒங்க பங்கும் சேத்துத்தான்." கரண்டியால் கலக்கிக்கொண்டே சொன்னார். "ஆணமோ கொழம்போ காய்ச்சினா தண்ணியக் கூட ஊத்தி, பக்கத்து வீட்டயும் நெனச்சுக்கங்கன்னு எங்க நபி சொல்லிருக்காங்க. நீங்க பேசலேங்கிறதுக்காக நான் அளவ மாத்த முடியுமா? மொத நோன்புலேர்ந்து ஒங்களுக்கும் சேத்துத்தான் தண்ணி ஊத்துறேன். வாங்க வரலேன்னதும் பள்ளிவாசல் வாசல்ல நிக்கிறவுகளுக்குக் குடுத்து விட்டுருவேன்."

"லாரித் தண்ணியிலயா?"

"வேற எங்க இருக்கு? லாரித் தண்ணியிலதான்."

பதினோரு நாள். விலைக்கு வாங்கிய தண்ணீர். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் தூக்குவாளியைப் பார்த்து எரிச்சல் பட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு சாயங்காலமும், அந்தப் பக்கம் எனக்கும் சேர்த்து ஊற்றியிருக்கிறார். அக்கா தோளில் முகத்தை வைத்து அழுதேன். "நோன்பு தொறக்குற நேரத்துல அழுவாதீங்க, எனக்கும் வந்துரும்" என்று திட்டிக்கொண்டே வாளி நிறையக் கஞ்சி ஊற்றினார். மூடி போட முடியாமல் ததும்பியது.

மறுநாள் சாருக்குச் சொட்டு மருந்து விடும்போது மூன்றாவது பக்கத்துக்கான விஷயத்தைச் சொன்னேன். "பிரமாதம். எந்தக் கிரந்தத்துல இருக்குன்னு கேட்டீங்களா?" என்றார். "அதெல்லாம் கேக்கல சார். சட்டியில இருந்துச்சு, பாத்தேன்" என்றேன். கூட்டத்தில் சார் நன்றாகத்தான் பேசினாராம். பின் வீட்டுக்காரரோடு இன்னும் பேசவில்லை.

கஞ்சி வாங்கிய மறுநாள் காலையிலேயே ஹோஸை எடுத்து மதில்மேல் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். அக்கா நுனியைப் பிடித்து டிரம்மில் விட்டார். முதல் டிரம் நிறைந்து இரண்டாவதில் விழுந்துகொண்டிருந்தபோது, அவர்கள் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுப் புரோக்கர் வந்தார். வீட்டைப் பார்க்க ஒரு பார்ட்டி வருவதாகச் சொன்னார்.

அக்கா ஹோஸைக் கையில் பிடித்தபடியே திரும்பினார். "யாரு சொன்னா விக்கிறோம்னு? இங்க தண்ணிக்கு என்னா கொறச்சல்? போயிட்டு வாங்கண்ணே."

எனக்கு நாக்கு துறுதுறு என்றது. மதிலைப் பிடித்துக்கொண்டு, டிரம் நிறையும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றேன்.